சிரிப்பின் சதவீதம்: முகவாசிப்பு, இயந்திரம், கலை குறித்துச் சில குறிப்புகள்

1

2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை ஓர் அறிவிப்பு செய்தது. பெண்கள் அதிகம் தொல்லைக்குள்ளாகும் இடங்கள் என நகரத்தில் 200 இடங்களை அடையாளம் கண்டிருப்பதாகவும், அங்கே பொருத்தப்படும் காமிராக்கள் பெண்களின் முகபாவத்தைக் கவனித்து, அதில் துன்பம் தெரிந்தால், அவர்கள் 100க்கோ 112க்கோ போன் போடுவதற்கு முன்பே பக்கத்துக் காவல்நிலையத்துக்குத் தகவல் அனுப்பும் என்றும் சொன்னார்கள். பாதுகாப்பின் பெயரால் வந்த இந்தத் திட்டத்தை அந்தரங்க உரிமை பேசுகிறவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அந்தரங்கம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத ஒரு கேள்வி இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தில் இருப்பது பயமா, அலுப்பா, கண் கூசும் வெயிலா, பஸ் வராத எரிச்சலா என்று யார் முடிவு செய்வது? அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே முடிவு செய்துவிட முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மிடம் சகஜமாகப் புழங்கும் பழமொழி. பழமொழியாக இருக்கும்வரை அது பெரிய தொந்தரவு செய்வதில்லை. எதிராளி 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்று மறுத்துவிட முடியும். அதே வாக்கியம் ஒரு மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்து, சதவீதக் கணக்கோடு ஒரு காவல்நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மறுக்கும் வாய்ப்பு இல்லாமல் போகிறது. மறுத்துப் பேச முடியாத வாசிப்பு என்பது அதிகாரம்.

கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் சில கலைஞர்கள் இந்த இயந்திரத்தையே எடுத்து, பார்வையாளரின் முகத்துக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். ஊடாடு கலை என்று இதைச் சொல்லலாம். பார்ப்பவர் வந்து நின்றால்தான், முகத்தைக் காட்டினால்தான் படைப்பு நடக்கும். இந்தப் படைப்புகளில் சிலவற்றை விளக்குவதும், அவற்றால் நமக்கு என்ன ஆகும் என்று கேட்பதும்தான் இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

2

1862இல் துஷென் த பூலோஞ் என்ற பிரெஞ்சு மருத்துவர் மனித முகபாவத்தின் இயங்குமுறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாரீஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையோடு தொடர்புடையவர் அவர். நூலில் அதிகம் இடம்பெறுபவர் பல்லில்லாத ஒரு முதியவர்; செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அவருக்கு முகம் மரத்துப் போயிருந்தது, வலி தெரியாது. அது மருத்துவருக்கு வசதியாயிற்று. அம்முதியவரின் கன்னத்திலும் நெற்றியிலும் மின்முனைகளை வைத்து, தசைகளை ஒவ்வொன்றாகச் சுருங்க வைத்து, பயம், வியப்பு, மகிழ்ச்சி என்று பாவங்களை வரவழைத்துப் புகைப்படம் எடுத்தார் துஷென்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. அந்தப் படத்தில் பயம் இருக்கிறது. அந்த மனிதரிடம் பயம் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாமலேயே வெளியே பாவம் தோன்ற முடியும், குறிப்பானும் குறிப்பீடும் தனித்தனியே பிரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. ஆனால் வரலாறு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உணர்ச்சியின் இலக்கணம் முகத்தில் எழுதியிருக்கிறது என்பதற்கான ஆதாரமாகவே இப்படங்கள் கைமாறின.

பத்தாண்டுகள் கழித்து, 1872இல், மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு குறித்து டார்வின் எழுதிய நூல் வந்தது. துஷெனின் படங்களை அவர் பயன்படுத்திக்கொண்டார். டார்வின் நேர்மையானவர். படித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இந்தப் படங்களைக் காட்டி, இந்த முதியவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார். சில படங்களுக்கு எல்லோரும் ஏறத்தாழ ஒரே பதில் சொன்னார்கள். வேறு சில படங்களுக்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். விளக்கத்தைப் படித்துக்கொண்டே பார்த்தபோது ஒரு சிலவற்றைத் தவிர எல்லாப் படமும் உண்மையாகத் தோன்றியது என்றும், விளக்கம் இல்லாமல் பார்த்திருந்தால் தானும் குழம்பியிருக்கக்கூடும் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அதாவது, படத்துக்கு அடியில் உள்ள சொல்தான் முகத்தை வாசிக்க வைத்தது.

அதே நூலில் இன்னொன்றும் நடந்தது. துஷெனின் படங்களில் சிலவற்றை அச்சுக்காகச் செதுக்கியபோது, மின்முனைகளையும் அவற்றைப் பிடித்திருந்த மருத்துவரின் கைகளையும் நீக்கிவிட்டார்கள். பயம் மட்டும் மிஞ்சியது. யார் அந்தப் பயத்தை அங்கே வைத்தார்களோ அந்தக் கை படத்தில் இல்லை. முகவாசிப்பின் பிற்கால வரலாறு முழுவதையும் இந்தச் சிறு திருத்தத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். நான் பேசப்போகும் கலைஞர்கள் செய்வது என்னவென்றால், அழிக்கப்பட்ட அந்த மின்முனையை மறுபடி படத்துக்குள் கொண்டுவருவது.

இது வெறும் உவமை இல்லை. 1990களில் ஹாலந்துக் கலைஞர் ஆர்தர் எல்ஸனார் தன் முகத்திலேயே மின்முனைகளைப் பொருத்திக்கொண்டு மேடையேறினார். ரெம்கோ ஸ்காவுடன் சேர்ந்து அவர் செய்த நிகழ்வுகளில் ஒரு கணிப்பொறிக் குரல் முகபாவம் பற்றி உரை நிகழ்த்தும். எல்ஸனாரின் முகம் அந்த உரைக்கு விளக்கப்படம். கணிப்பொறி கட்டளையிட, முகம் கோணும், சிரிக்கும், வியக்கும். பார்க்கிறவருக்குச் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். செருப்புத் தைத்த முதியவரின் இடத்தில் கலைஞனே போய் உட்கார்ந்துகொண்டான். இந்த முறை மின்கம்பி எல்லோர் கண்ணிலும் படுகிறது.

3

1960களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் பாப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடம் சென்றார். ஒரு சிறு கதையைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தை இரண்டு மூன்று புகைப்படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் உலகம் முழுக்க ஒரே மாதிரி முகத்தில் தெரிகின்றன என்பது அவர் வந்தடைந்த முடிவு. அவருடைய ஆய்வுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையிடமிருந்து பணம் கிடைத்தது. 1978இல் எக்மனும் வாலஸ் ஃப்ரீஸனும் முகத்தின் அசைவுகளை 40க்கு மேற்பட்ட அலகுகளாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். 6ஆம் எண்ணும் 12ஆம் எண்ணும் சேர்ந்தால் நிஜமான சிரிப்பு. முகம் எண்ணாகிவிட்டால் கணிப்பொறிக்குக் கொடுப்பது சுலபம்.

கணிப்பொறி எப்படி வாசிக்கிறது? மர்மம் ஒன்றுமில்லை. முதலில் படத்தில் முகம் இருக்கும் இடத்தைச் சதுரம் போட்டுக்கொள்கிறது. பிறகு முகத்தில் புள்ளிகள் வைக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 68 புள்ளிகள்: தாடையோரம் 17, புருவங்களில் 10, மூக்கில் 9, கண்களில் 12, வாயில் 20. இவற்றின் தூரங்களை, அல்லது படத்தையே நேரடியாக, முன்பே பெயர் ஒட்டி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான முகங்களோடு ஒப்பிடுகிறது. பிறகு 'மகிழ்ச்சி 82, வியப்பு 11' என்ற மாதிரி எண்களைத் துப்புகிறது. கவனிக்க வேண்டியது அந்தப் பெயர் ஒட்டும் வேலையை. 'கோபமா மூஞ்சிய வச்சுக்கோ' என்று சொல்லி எடுத்த படங்களுக்குக் கோபம் என்று பெயர். அல்லது யாரோ சிலர் படத்தைப் பார்த்து, கொடுத்த பட்டியலிலிருந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆக, இயந்திரம் கண்டுபிடிப்பது உங்கள் கோபத்தை அல்ல. கோபம் என்று முன்பொருவர் பெயரிட்ட முகத்தோடு உங்கள் முகத்துக்குள்ள ஒற்றுமையை.

2019இல் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் இன்னும் நான்கு ஆய்வாளர்களும் இத்துறையின் ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தார்கள். கோபத்தில் இருப்பவர்கள் ஏறத்தாழ 30 சதவீதத் தருணங்களில்தான் புருவம் நெரித்து முறைக்கிறார்கள் என்று தெரிந்தது. மீதி நேரம் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், சும்மா இருக்கிறார்கள். முறைக்கிறவர்களில் பலருக்குக் கோபமே இல்லை. தீவிரமாக யோசிக்கிறார்கள், அல்லது வயிற்று வலி.

சோவியத் சினிமாவில் குலெஷோவ் இதை எப்போதோ செய்துபார்த்துவிட்டார். புதோவ்கின் தரும் விவரிப்பின்படி, நடிகர் மோஸ்யூகினின் ஒரே சலனமற்ற முகத்தைச் சூப் கிண்ணத்தோடும், சவப்பெட்டியோடும், விளையாடும் குழந்தையோடும் ஒட்டிக் காட்டினார்கள். பார்வையாளர்கள் மூன்று விதமான நடிப்பைப் பார்த்து வியந்தார்கள். முகம் மாறவில்லை, பக்கத்துச் சட்டகம் மாறியது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வதில் தவறில்லை. பழம்பெருமை பேச அல்ல. அது செய்யுளை வாசிக்க எழுதப்பட்டது, மனிதரைச் சோதனை போட அல்ல. அங்கேயும் எட்டு என்று ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அது கன்னத் தசையையோ புருவத்தையோ எண்ணவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று சொல்கிறது. அழுகைக்குச் சொல்லும் நான்கில் ஒன்று வறுமை. வெகுளிக்குச் சொல்லும் நான்கில் உறுப்பை அறுத்தலும் கொலையும் உண்டு. அதாவது, 'முகம் எப்படி இருக்கிறது' என்று கேட்பதற்குப் பதில் 'என்ன நடந்தது' என்று கேட்கிறது. லக்னோ காமிரா கேட்காத கேள்வி இதுதான். கேட்டால் தொல்லை தருபவன் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

4

இனிப் படைப்புகளுக்கு வரலாம். 2003இல் கிறிஸ்டியன் மோலர் என்ற கலைஞர் 'சீஸ்' என்று ஒரு வீடியோப் படைப்பு செய்தார். போட்டோ எடுக்கும்போது சிரிப்பதற்காகச் சொல்லச் சொல்வார்களே, அந்தச் 'சீஸ்'. ஆறு நடிகைகள். ஒவ்வொருவரும் காமிராவைப் பார்த்து, முடிந்த வரை சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் வரை. உணர்ச்சியை அறியும் மென்பொருள் ஒன்று அந்தச் சிரிப்பை அளந்துகொண்டே இருக்கும். மகிழ்ச்சியின் அளவு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனால் அபாய மணி அடிக்கும். உடனே நடிகை இன்னும் 'உண்மையாக' சிரிக்க வேண்டும்.

இங்கே ஊடாட்டம் நடிகைக்கும் இயந்திரத்துக்கும் இடையில்தான். நாம் வேடிக்கை பார்க்கிறோம். சும்மா ஒரு சிரிப்புக்கா இவ்வளவு பாடுன்னு கேக்கலாம். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால், கன்னம் நடுங்குவதும், கண்ணும் வாயும் வேறு வேறு திசையில் போவதும் தெரிகிறது. சிரிப்பு ஓர் உழைப்பு என்பது உடம்பில் தெரிகிறது. ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டது இதைத்தான்: சிரிப்பும் கூலிக்கு விற்கப்படுகிறது, அதற்கும் மேற்பார்வையாளர் உண்டு. மோலரின் மணி, அந்த மேற்பார்வையாளரின் குரல்.

2009இல் லாரன் மெக்கார்த்தி 'மகிழ்ச்சித் தொப்பி' என்று ஒன்று செய்தார். குளிருக்குப் போடும் பின்னல் தொப்பி மாதிரிதான். கன்னத்தில் ஒட்டிய உணர்கருவி சிரிப்பின் அகலத்தை அளக்கும். சிரிப்பு குறையக் குறைய, தொப்பிக்குள்ளிருக்கும் ஓர் உலோக ஆணி தலையில் குத்தும். அகலமாகச் சிரித்தால் ஆணி விலகும். கேலிதான், ஆனால் கொடூரமான கேலி. மிஷல் ஃபூக்கோ சொன்ன கண்காணிப்புக் கோபுரத்துக்கு இனிக் கட்டடம்கூடத் தேவையில்லை, தொப்பி போதும். துஷெனின் மின்முனை சிரிப்பை வரவழைத்தது. இந்த ஆணியோ சிரிப்பை உங்களையே செய்ய வைக்கிறது. அதிகாரம் தசையைத் தொடுவதை விட்டு, தன்னிலையைத் தொடும் இடம் இதுதான்.

5

2018 லண்டன் வடிவமைப்பு பினாலேயில் அமெரிக்காவின் சார்பில் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகம் 'முக மதிப்புகள்' என்ற காட்சியை வைத்தது. எலன் லப்டன் பொறுப்பில் உருவானது. 2019இல் அது விரிவாக்கப்பட்டு நியூயார்க்குக்கு வந்தது.

அதில் ஸாக்கரி லீபர்மனின் 'பாவக் கண்ணாடி' ஒன்று. முன்னால் நின்றால், நான் சொன்ன அதே 68 புள்ளிகளை உங்கள் முகத்தில் வைக்கிறது. பிறகு, உங்களுக்கு முன்னால் வந்து நின்றவர்களின் முகங்களில் இதே பாவம் எங்கே இருக்கிறதென்று தேடி, ஒருவரின் கண், இன்னொருவரின் வாய் என்று சேர்த்து ஒரு முகத்தைக் காட்டுகிறது. நீங்கள் சிரித்தால் முன்பின் தெரியாத பலரின் துண்டுகள் சேர்ந்து சிரிக்கின்றன. இயந்திரத்துக்கு உங்கள் முகம் தனி முகமல்ல என்பது இப்படித்தான் தெரிகிறது. அது மேற்கோள்களால் ஆன ஒரு பிரதி. இதில் ஓர் அச்சமும் ஓர் ஆறுதலும் ஒருசேர இருக்கின்றன. நம்மைத் துண்டாக்கும் அதே கருவி, யாரோ ஒருவரின் உதட்டை நம் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது.

லூக் டுபோயிஸின் 'பாவ உருவப்படம்' வேறு மாதிரி. உட்காருபவரிடம் ஓர் உணர்ச்சியைக் காட்டச் சொல்கிறது. காட்டியதும் தன் கணிப்பைச் சொல்கிறது; வயது, பால் போன்றவற்றையும் யூகிக்கிறது. இந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாம் விட்டுவிடுவதில்லை. இன்னும் பெரிதாக வாயைப் பிளக்கிறோம், கண்ணை உருட்டுகிறோம். துயரத்தை அதற்குப் புரியும் துயரமாக மாற்றிக் கொடுக்கிறோம். வாசகன் பிரதியை உருவாக்குகிறான் என்று இருபது வருடம் விமர்சனத்தில் பேசினோமே, இங்கே பிரதியே வாசகனுக்காகத் தன்னைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. இப்படிப்பட்ட மென்பொருளை வேலைக்கான நேர்காணலில் வைத்தால், வேலை தேடும் இளைஞர்கள் கண்ணாடி முன் நின்று எதைப் பயிற்சி செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நியூயார்க் காட்சியில் சேர்ந்தது கேரன் பாமரின் 'பெர்செப்ஷன் ஐஓ'. நீங்கள் ஒரு போலீஸ்காரரின் இடத்தில் நிற்கிறீர்கள். பதற்றமான ஒரு சூழலில் திரையில் ஒருவர் உங்களை நோக்கி வருகிறார். கறுப்பர் அல்லது வெள்ளையர். காமிரா உங்கள் முகத்தை வாசிக்கிறது. உங்களிடம் தெரிவது அமைதியா, பயமா, கோபமா என்பதைப் பொறுத்துக் கதை திரும்புகிறது; திரையில் இருப்பவருக்கு உதவியும் கிடைக்கலாம், துப்பாக்கிச் சூடும் நடக்கலாம். ஃபெர்குஸன் எழுச்சியின் பின்னணியில் 'ரயட்' என்ற படைப்பை முன்பே செய்தவர் பாமர்.

இந்தப் படைப்பில் முகவாசிப்பின் திசை மாறிவிடுகிறது. சந்தேகத்துக்குரியவரின் முகத்தைத்தான் வழக்கமாக வாசிப்பார்கள். இங்கே வாசிக்கப்படுவது துப்பாக்கி வைத்திருப்பவரின் முகம். லாரன் ரூ 2018இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களை வணிக மென்பொருள்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரே அளவு சிரித்தாலும் கறுப்பின வீரர்களின் முகத்தில் அதிகக் கோபம் இருப்பதாக ஒரு மென்பொருள் சொன்னது. முகம் என்பது பொதுவானது அல்ல, வெள்ளை ஆணின் முகத்தை அளவுகோலாக்கி அதிலிருந்து விலகும் தூரத்தை அளப்பதே முகத்தன்மையின் இயந்திரம் என்று தெல்யூஸும் கத்தாரியும் 1980இல் எழுதியபோது பலருக்கு அது வெறும் சொல் விளையாட்டாகப் பட்டது. இப்போது அந்த இயந்திரம் விலைக்குக் கிடைக்கிறது.

6

சரி, இதனால என்ன ஆயிடப் போகுது என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அருங்காட்சியகத்தில் நிற்பவர் அலுத்துப்போனால் நகர்ந்து காபி குடிக்கப் போய்விடலாம். விமான நிலையத்தில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் பார்த்து ஆபத்தைக் கண்டுபிடிக்கும் திட்டத்துக்கு 2007 முதல் ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவழித்தார்கள். அதற்கு ஆதாரம் போதாது என்று 2013இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே சொன்னது. கலைப்படைப்பு அந்தக் காமிராவை விளையாட்டுப் பொருளாக்கி நமக்குப் பழக்கிவிடுகிறதா? ஓரளவுக்கு ஆம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு ஆபத்து நுட்பமானது. இயந்திரம் பாரபட்சமாக வாசிக்கிறது என்று இப்படைப்புகள் காட்டும்போது, 'அப்படியானால் திருத்திவிடலாம், எல்லா நிறத்து முகங்களையும் இன்னும் சேர்க்கலாம்' என்று கம்பெனிகள் சொல்கின்றன. நாம் என்ன கேட்கிறோம்? எங்களைச் சரியாக வாசி என்றா, எங்களைக் கேட்காமல் வாசிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்றா? முதல் கோரிக்கை நிறைவேறினால் நமக்குக் கிடைப்பது இன்னும் துல்லியமான கண்காணிப்பு. மைக்ரோசாஃப்ட் 2022இல் உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைத் தன் பொது விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், 2025 பிப்ரவரி முதல், வேலையிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் இயந்திரங்களைத் தடை செய்கிறது, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு அளித்து. ஆனால் காவல்துறைக்கும் எல்லைக் காவலுக்கும் அந்தத் தடை இல்லை. தொழிலாளியின் முகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு அகதியின் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

முகத்தை வாசிக்கவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. நாள் முழுக்க நாம் ஒருவரையொருவர் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தத் திறன் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. ஆண்டையின் முகத்தைப் பண்ணையாள் வாசித்தே ஆகவேண்டும், கணவன் முகத்தை மனைவி வாசித்தே ஆகவேண்டும். தப்பாக வாசித்தால் அடி விழும். ஆண்டைக்கு அந்த அவசியம் இருந்ததில்லை. கீழே இருப்பவர்கள் உயிர் பிழைப்பதற்காகச் சேர்த்துவைத்த நுண்ணறிவு அது. அவர்களுக்கு முகத்தைக் காட்டாமல் இருக்கவும் தெரியும். உள்ளே கொதித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாத முகம், பல தலைமுறைகளின் ஆயுதம். உணர்ச்சியைப் படிக்கும் காமிரா குறிவைப்பது இந்த ஆயுதத்தைத்தான். மேலே இருப்பவனுக்கு, உழைப்பில்லாமல், பயமில்லாமல், கீழே இருப்பவரின் முகத்தை வாசிக்கும் வசதியை அது செய்துதருகிறது. பாமரின் படைப்பு முக்கியமாவது இந்த இடத்தில். வாசிப்பின் திசையை மாற்ற முடியும் என்று அது ஒரு சில நிமிடமாவது காட்டுகிறது.

தமிழில் முகம் கொடுத்துப் பேசுவது என்றொரு வழக்கு உண்டு. முகம் என்பது கொடுக்கப்படுவது; விரும்பாதபோது கொடுக்க மறுக்கலாம். கொடுத்தவர் 'நான் சொல்ல வந்தது அதில்லை' என்று திருத்தவும் செய்யலாம். இந்த மறுப்பும் திருத்தமும் வாசிப்பின் இடையூறுகள் அல்ல, வாசிப்பே அவைதான். லக்னோவில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு இந்த இரண்டில் ஒன்றும் இல்லை. எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் காமிராக்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று கேட்பதற்கு முன், அந்தப் பெண்ணுக்கு மறுத்துச் சொல்ல என்ன வழி இருக்கிறது என்று கேட்க வேண்டும். நம் ஊர் ஊர்வலங்களில் முகத்தை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு காமிராவுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.